அப்புச்சிக்கு ஒரு கொறங்காட்டுப் போர்வை: படமா, கோடா, கட்டமா?

அப்புச்சி, அதாவது என் அம்மாவின் அப்பா, போன ஆனி மாதம் காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தை விட்டுவிட்டு, கோயமுத்தூரில் மாமா வீட்டோடு வந்துவிட்டார். வயது 84. மூன்றாவது மாடி, மேற்கே பார்த்த பால்கனி. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் காற்று ஆனி, ஆடி இரண்டு மாதமும் அங்கே மோதிக்கொண்டே இருக்கும். அவருக்கோ உட்கார்ந்தால் அங்கேதான் உட்கார வேண்டும்; கீழே ரோட்டோரம் ஒரு வேப்பமரம் தெரிகிறது. முழங்கால்மேல் ஒரு துண்டைப் போட்டு, அது பறந்துவிடாமல் ஓரத்தைத் தொடைக்கடியில் செருகிக்கொள்வார். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே, அவருக்கு ஒரு குரோஷா போர்வை, கொக்கி ஊசியால் கையில் பின்னுவது, போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். தை மாதம் பட்டிப்பொங்கலுக்குள் அவர் கையில் இருக்க வேண்டும்.

வெறும் போர்வையாக இருந்தால் சென்னிமலையில் நல்ல போர்வை வாங்கிக் கொடுத்திருப்பேன். இதில் அவருடைய கொறங்காடு இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. காங்கேயம், தாராபுரம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், நடுவில் மாடும் செம்மறியும். தண்ணீர் பாயாத மேய்ச்சல் காடு அது. வருசத்தில் பாதி நாள் வைக்கோல் நிறத்தில் கிடக்கும், மழை விழுந்த பத்தாம் நாள் பச்சைக்கு மாறிவிடும். அப்புச்சியின் வாழ்நாள் முழுக்க அதற்குள்தான்.

இதை நூலில் கொண்டுவர எத்தனை வழி உண்டு என்று தேடியபோது நான்கு வழிகள் நின்றன. மாட்டின் படத்தையே போடுவது, வருசத்தின் மழையையோ வெயிலையோ வரிவரியாகப் போடுவது, பவானி ஜமக்காளம் மாதிரி கோடு போடுவது, சின்னச் சின்னக் கட்டமாகப் போட்டு இணைப்பது. முதலும் மூன்றும் நான்காவதும் மாதிரித் துண்டு போட்டே பார்த்தேன்.

அளவு முதலில். முழு ஆள் போர்த்த 150-க்கு 200 செ.மீ. வேண்டும். உட்கார்ந்தபடி காலுக்கும் மடிக்கும் என்றால் 105-க்கு 130 போதும். பரப்பில் இது அதில் பாதிகூட இல்லை. வேலையும் நூலும் கனமும் அப்படியே குறையும். வயதானவர்களுக்கு இந்தச் சின்ன அளவுதான் சரி என்பேன். பெரிய போர்வை நாற்காலியில் இருந்து தரையில் வழிந்து கிடந்தால், எழுந்திருக்கும்போது காலில் சிக்கிவிடும்.

மாட்டுப் படம்

எல்லோரும் முதலில் சொன்னது இதைத்தான். காங்கேயம் காளை ஒன்று, திமிலோடு, நடுவில். இதற்கு ஏற்ற முறை ‘கார்னர் டு கார்னர்’. ஒரு மூலையில் தொடங்கி, மூன்று செயினும் மூன்று டபுளும் (இரண்டும் குரோஷாத் தையல்கள்) சேர்ந்த சின்னக் கட்டங்களாகச் சாய்வாகப் போட்டு எதிர் மூலையில் முடிப்பது. ஒவ்வொரு கட்டமும் கிராஃப் தாளில் ஒரு சதுரம்.

கணக்குப் போட்டேன். என் கைக்கு ஒரு கட்டம் 2 செ.மீ. வருகிறது. 104-க்கு 130 என்றால் 52-க்கு 65, மொத்தம் 3,380 கட்டம். அந்த எண்ணிக்கை பெரிதில்லை, பழகிய கைக்கு ஓடிவிடும். சங்கடம் கொம்பில் வந்தது. காங்கேயம் காளையின் கொம்பு வெளியே விரிந்து, பின்னால் வளைந்து, நுனி உள்ளே திரும்பும். 2 செ.மீ. படிகளில் அந்த வளைவு வரவே வராது. மாடிப்படி மாதிரி நிற்கும். திமிலும் அப்படியே. கிராஃப் தாளில் மூன்று முறை வரைந்தேன். மூன்று முறையும் அது ஏதோ ஒரு மாடாகத்தான் இருந்தது, காங்கேயம் மாடாக இல்லை. சந்தையில் நூறு மாட்டுக்கு நடுவில் திமிலை வைத்தே ஒரு மாட்டை அடையாளம் சொல்லும் ஆளுக்கு இதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று, நிறம் மாறும் இடமெல்லாம் தனித்தனி நூலுண்டை தொங்கும். ஒரு வரியில் ஐந்தாறு உண்டை. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அத்தனையும் முறுக்கிக்கொள்ளும்.

குழந்தைக்கு என்றால் நான் படத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். குழந்தைக்கு மாடு என்றால் கொம்பும் வாலும் இருந்தால் சரி. ஆனால் ஒரு வயசுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும்போது பக்கத்தில் எந்தப் போர்வையும் தளர்வாகக் கிடக்கக் கூடாது. அதைத் தரையில் விரித்துப் படுக்கவைத்து விளையாட மட்டும் கொடுங்கள்.

வெயிலும் மழையும்

வெளிநாட்டில் ‘டெம்பரேச்சர் பிளாங்கெட்’ என்று ஒன்று பலரும் போடுகிறார்கள். தினமும் அன்றைய வெப்பத்துக்கு ஒரு நிறம், நாளுக்கு ஒரு வரி, வருசம் முடியும்போது ஒரு போர்வை. பனி விழும் ஊரில் நீலத்தில் தொடங்கிச் சிவப்புக்கு ஏறி மறுபடி நீலத்துக்கு இறங்கும். கோயமுத்தூரில் மார்கழிப் பகல் 29, 30 டிகிரி, சித்திரைப் பகல் 35, 36. ஐந்து டிகிரிக்கு ஒரு நிறம் என்று வைத்தால் வருசம் முழுக்க இரண்டு மூன்று நிறத்தில் முடிந்துவிடும். இரண்டு டிகிரிக்கு ஒரு நிறம் என்று நெருக்கி வைத்தால் ஓரளவு நன்றாக வரும்.

கொறங்காட்டுக்கு வெயிலைவிட மழைதான் பொருத்தம். வானிலைத் துறை ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் மழை நாள் என்று கணக்கில் எடுக்கும், 64.5-ஐத் தொட்டால் கனமழை. இதை அப்படியே நிறமாக்கலாம். காய்ந்த நாள் வைக்கோல் நிறம், மழை நாள் பச்சை, கனமழைக்குக் கரும்பச்சை. ஐப்பசி, கார்த்திகையில் பச்சை நெருங்கி நிற்கும், மாசி பங்குனியில் வெறும் வைக்கோல். அழகான யோசனை. நாளுக்கு ஒரு வரி போட்டால் 365 வரி, போர்வை நான்கு மீட்டருக்குப் போய்விடும். வாரத்துக்கு இரண்டு வரி என்று வைத்தால் 52 வாரத்துக்கு 110-லிருந்து 130 செ.மீ.க்குள் நிற்கும்.

இதை நான் விட்டதற்குக் காரணம் ஒன்றுதான். விளக்கம் சொன்னால்தான் புரியும். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து “இது கார்த்திகை, இது பங்குனி” என்று சொல்ல வேண்டும். அப்புச்சிக்குக் கண் பார்வை மட்டு. பிறந்த குழந்தையின் முதல் வருசத்துக்கோ, கல்யாணமான முதல் வருசத்துக்கோ இது போல ஒன்று கிடையாது. என் தங்கைக்குக் குழந்தை பிறந்தால் இதைத்தான் போடுவேன்.

ஜமக்காளக் கோடு

இதில்தான் நான் ரொம்ப நாள் ஊசலாடினேன். பவானி ஜமக்காளம் எங்கள் வீட்டு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) எப்போதும் சுருட்டி நிற்கும். விருந்து என்றால், காது குத்து என்றால், எழவு என்றால், அதைத்தான் முதலில் விரிப்பார்கள். 2005-06-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அகலமான கோடுகள், தயக்கமில்லாத நிறங்கள்: சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம்.

குரோஷாவில் கோடு போடுவது எல்லாவற்றிலும் சுலபம். ஒரு நிறம் முடிந்தால் அடுத்த நிறம், அவ்வளவுதான். 26 கோடு என்றால் நூல் நுனி 52. ஒரு ராத்திரியில் ஊசியில் கோத்து மறைத்துவிடலாம். முதல் போர்வை போடுகிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வரியின் கடைசித் தையலை விட்டுவிடுவது நம்மை அறியாமல் நடக்கும், பத்து வரிக்குள் போர்வை முறம் மாதிரி ஒடுங்கிவிடும். ஐந்து வரிக்கு ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

என்னைத் தடுத்தது இரண்டு. பாதிப் போர்வை வளர்ந்ததும் அரை கிலோ நூல் மடியில் கிடக்கும். புரட்டாசி வெயிலில், கரண்ட் போன மத்தியானத்தில், அதை மடியில் வைத்துப் போட முடியாது. அடுத்தது, கோட்டின் வரிசை போட்டது போட்டதுதான். நடுவில் ஒரு நிறம் தப்பு என்று தெரிந்தால் அதுவரை பிரிக்க வேண்டும்.

கட்டம்

13 செ.மீ. சதுரம், 8-க்கு 10, மொத்தம் 80. இதுதான் நான் எடுத்த வழி. எடுத்த பிறகு அதன் கஷ்டமும் தெரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நல்லது எது என்றால், கைப்பைக்குள் அடங்கும். திருப்பூரில் இருந்து கோயமுத்தூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் இரண்டு கட்டம் முடிந்துவிடும். பக்கத்து சீட்டில் உட்காரும் அக்காக்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது மெஷின்ல வராதுங்களா?” என்றார். வராது. திருப்பூரில் ஓடும் நிட்டிங் மெஷின் அத்தனையும் போடுவது வேறு பின்னல். குரோஷா இன்றைக்கும் கையால்தான். அதைச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த மரியாதை எனக்கு மறக்காது.

பல கை சேர முடிவது அடுத்த நல்லது. 2016-இல் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் 11,000 சதுர மீட்டருக்கும் பெரிய போர்வையை விரித்து கின்னஸ் சாதனை செய்தார்கள். பல ஊர்ப் பெண்கள் தனித்தனியாகப் போட்ட துண்டுகள்தான் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன. எங்கள் வீட்டில் நானும், கரூரில் இருக்கும் நங்கையாவும், சேலத்துச் சின்னம்மாவும் பிரித்துக்கொண்டோம்.

அங்கேதான் இடறியது. நங்கையா போட்டு அனுப்பிய 22 கட்டமும் என்னுடையதைவிடச் சின்னதாக, தடிப்பாக வந்தன. ஊசி ஒன்றுதான், 4 மி.மீ. நூலும் ஒன்றுதான். போனில் இருவரும் ஒரு மணி நேரம் பேசிய பிறகு புரிந்தது: நான் பார்த்தது அமெரிக்க முறை, அவர் பார்த்தது பிரிட்டிஷ் முறை. பிரிட்டிஷ் முறையில் ‘டபுள்’ என்பது அமெரிக்க முறையில் ‘சிங்கிள்’. அமெரிக்க ‘டபுள்’தான் பிரிட்டிஷ் ‘டிரெபிள்’. பேர் ஒன்று, தையல் வேறு. அவர் போட்டதில் தப்பே இல்லை. சின்னக் கட்டங்களைச் சுற்றி இன்னும் ஒரு சுற்று ஓட்டி அளவுக்குக் கொண்டுவந்தோம். பலர் சேர்ந்து போடுவதாக இருந்தால் வாட்ஸப்பில் பேட்டர்ன் அனுப்பினால் போதாது. போட்டு முடித்த கட்டம் ஒன்றைக் கூரியரில் அனுப்பிவிடுங்கள், அதன்மேல் வைத்து அளந்துகொள்ளட்டும்.

கஷ்டம் எது என்றால், நூல் நுனி. கட்டத்துக்கு இரண்டு நிறம் என்றால் நான்கு நுனி, 80-க்கு 320. எல்லாம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று சேர்த்து வைத்தால் போர்வையே வெறுத்துவிடும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அப்போதே கோத்துவிட்டேன். மூன்று திசையில் போகவிட்டு வெட்டினால் துவைத்தாலும் வெளியே வராது.

கட்டத்தில் ‘கிரானி ஸ்கொயர்’ எல்லோருக்கும் தெரிந்தது. ஓட்டை ஓட்டையாக இருப்பது. பார்க்க அழகு, நூலும் குறைவு. ஆனால் காற்றுக்குத்தான் போர்வை என்றால் ஓட்டை எதற்கு? அதோடு வயதானவர்களின் கால்விரல் அதில் மாட்டும். ஓட்டையில்லாத கெட்டிக் கட்டமாகவே போட்டோம்.

நூல்

இங்கே நூலுக்குப் பஞ்சமில்லாத ஊர். அதனாலேயே குழப்பமும் அதிகம். கடையில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் பெரும்பாலும் தருவது அக்ரிலிக். கம்பளி இல்லை. லேசாக இருக்கும், நிறம் ஏராளம், துவைத்தால் சீக்கிரம் காயும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. ஊட்டி, கோத்தகிரி, வால்பாறையில் இருப்பவர்களுக்கு அக்ரிலிக்கோ அசல் கம்பளியோ சரி. கம்பளியாக இருந்தால் வெந்நீரில் போட்டுவிடாதீர்கள், சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிடும். விறகடுப்புப் பக்கத்தில் குளிர் காய்கிறவர்களுக்கு அக்ரிலிக் வேண்டாம். தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும்.

கோயமுத்தூர் வெக்கைக்கும் அப்புச்சி தோலுக்கும் பருத்திதான். கனம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் நான் போட்ட அளவுக்கு ஒரு கிலோவுக்குள் அடங்கிவிட்டது. இதையே முழு ஆள் அளவுக்குப் போட்டால் இரண்டு கிலோவைத் தாண்டும், நனைந்தால் ஒரு ஆளால் பிழிய முடியாது. ஆகவே பெரிய போர்வைக்கு அக்ரிலிக் அல்லது இரண்டும் கலந்த நூல், சின்னதற்குப் பருத்தி. என் முடிவு இதுதான்.

ஈரோட்டில் ஒரு உறவுக்காரர், “எதுக்கு கண்ணு உண்டை உண்டையா வாங்கற, மில்லு கோன் வாங்கித் தர்றேன்” என்றார். கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கவுண்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜச் சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் கவுண்ட். 10 கவுண்ட் நூல் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். நமக்கு வேண்டிய தடிமன் கிராமுக்கு இரண்டு மீட்டர் சொச்சம். அப்படியென்றால் எட்டு இழையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும், 20 கவுண்ட் என்றால் பதினாறு. முறுக்கேற்றாமல் சேர்த்த இழையில் ஊசிக்கொக்கி நடுவில் நடுவில் குத்திப் பிரிக்கும். தறிக்கு நல்ல நூல் ஊசிக்கும் நல்லது என்று சொல்ல முடியாது. திருப்பூர் பனியன் வேஸ்ட்டைக் கிழித்துச் செய்யும் பட்டை நூலும் அப்படித்தான். மிதியடிக்கும் கூடைக்கும் அருமை, போர்வைக்குக் கல் மாதிரி கனக்கும்.

பருத்தியில் சாயம் மட்டும் பயம். செம்மண் நிறத்துக்கு வாங்கிய நூல் முதல் மாதிரித் துண்டை நனைத்ததுமே பக்கத்து வெள்ளையில் இறங்கிவிட்டது. 30 கட்டம் போட்ட பிறகு தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? அடர் நிறம் எதுவானாலும் சின்னத் துண்டு போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் அழுத்தி ஒரு ராத்திரி வையுங்கள். உப்பு, வினிகர் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். என் துண்டில் இரண்டும் நிறுத்தவில்லை. நூலை மாற்றினேன். லேபிளில் லாட் நம்பர் இருக்கும், ஒரு நிறத்துக்கு வேண்டிய உண்டை முழுவதும் ஒரே நம்பரில் ஒரே நாளில் எடுத்துவிடுவது நல்லது.

நிறமும் வரிசையும்

படம் வேண்டாம் என்று முடிவானதும், நிறத்தில்தான் கொறங்காட்டைக் கொண்டுவர வேண்டும் என்றாகிவிட்டது. மாட்டுக்காரர்களிடம் அதற்குப் பேர்கள் தயாராக இருக்கின்றன. சாம்பல் என்றால் மயிலை, செம்பழுப்பு என்றால் செவலை, கருத்தது காரி. இந்த மூன்றும், புல்லுக்கு வைக்கோல் நிறமும் பச்சையும், மண்ணுக்குச் செம்மண் நிறமும். ஆறு நூல். நூல் கடையில் சாம்பலில் நான்கு வகை காட்டினார்கள். போனில் இருந்த மாட்டுப் போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, லேசாக நீலம் ஓடியதை எடுத்தேன்.

மார்கழிக் கடைசியில் 80 கட்டமும் ரெடி. இணைக்கும் முன்னால் அப்புச்சியின் கட்டிலில் பரப்பினேன். கீழே மண், மேலே புல், நடுவில் மயிலையும் செவலையும் கலந்து. அவர் குனிந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“இது மயிலை. இது செவலை. என்ன கண்ணு, செவலையக் கொண்டு போய் அந்தக் கோடில வெச்சிருக்கற?”

“எங்கீங்க அப்புச்சி வெக்கோணும்?”

“கன்னு பொறக்கைல செவலைதான. ஆறு மாசத்துலதான மயிலைக்குத் திரும்பும். தாய்க்குப் பக்கத்துல வையி.”

காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருந்து பிறகு சாம்பலுக்கு மாறும் என்பது எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் நூலை எடுக்கும்போது அது நினைவில் வரவில்லை. நிறமாக மட்டும் பார்த்திருக்கிறேன். அவரே ஒவ்வொரு செவலைக் கட்டத்தையும் எடுத்து ஒரு மயிலைக்கு ஒட்டினாற்போல் வைத்தார். நான்கு காரியையும் தள்ளித் தள்ளி வைத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் காப்பி வந்தது, குடிக்கவில்லை. கோடாகப் போட்டிருந்தால் இதற்கு வழியே இருந்திருக்காது. படமாகப் போட்டிருந்தால் வாயைத் திறக்காமல் மடித்து வைத்திருப்பார்.

போட்டோ எடுத்து, வரிசைக்கு எண் சீட்டு குத்தி, வீட்டுக்குக் கொண்டுவந்து ஓரத்தின் வெளித்தையலை மட்டும் சேர்த்துத் தட்டையாக இணைத்தேன். தடித்த இணைப்பு காலில் உறுத்தும். கடைசியாகச் சுற்றிலும் இரண்டு வரி கரும்பச்சை, கிளுவை வேலிக்காக. அதைப் போனில் சொன்னபோது கேட்டார், “வேலி போட்டுட்ட. கடவு எங்க கண்ணு?”

கடவு இல்லாமல் மாடு எப்படி உள்ளே வரும், எப்படி வெளியே போகும்? ஓடிய பச்சையில் ஒரு சாண் அளவுக்குப் பிரித்து, அங்கே மட்டும் வைக்கோல் நிறம் போட்டேன். எந்தப் பக்கம் என்று கேட்டதற்குக் கிழக்கால என்றார். போர்வைக்கு எது கிழக்கு என்று நான் கேட்கவில்லை. பட்டிப்பொங்கலன்று மடியில் விரித்ததும், அந்த இடத்தைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, காங்கேயம் இருக்கும் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.